டெபியனில் அட்வெஞ்சர் ஓடவில்லை (தீர்ந்தது) – தமிழாக்கம் பற்றிய பேச்சும் இங்கேயே

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை:

அனைவருக்கும் வணக்கம். கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வாசகசாலையைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று பழைய கணினிகள் இருக்கின்றன. இரண்டில் கேரளப் பள்ளிகளில் போட்டிருக்கும் கைட் லினக்ஸ், ஒன்றில் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ். மாலை நேரத்தில் தமிழ்வழியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். படமே இல்லாமல், எழுத்தைப் படித்து எழுத்தாலேயே பதில் சொல்லி ஆடும் அட்வெஞ்சர் என்ற பழைய குகை விளையாட்டை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

டெபியன் கணினியில் ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கில், நுழைந்து, அந்த விளையாட்டு அடங்கிய தொகுப்பை நிறுவ ‘ஆப்ட் இன்ஸ்டால் பிஎஸ்டிகேம்ஸ்’ கொடுத்தேன். பிழை எதுவும் இல்லாமல் முடிந்தது. அதே சாளரத்தில் ‘அட்வெஞ்சர்’ என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. இரண்டு முறை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பார்த்தேன். அதே பதில்தான். நாளை சனிக்கிழமை, பிள்ளைகள் காலையிலேயே வந்துவிடுவார்கள். யாராவது வழி சொல்லுங்கள்.

கட்டளைகளை வாயால் சொல்கிறபடி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. இந்த இழையில் எல்லோரும் அப்படியே எழுதினால் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்ட முடியும்.

பொள்ளாச்சி ரயிலடி:

நிறுவலில் எந்தக் கோளாறும் இல்லை அண்ணா. டெபியனில் விளையாட்டுகள் எல்லாம் ‘யுஎஸ்ஆர்’ அடைவுக்குள் ‘கேம்ஸ்’ என்ற தனி அடைவில் போய் உட்காரும். தட்டிய கட்டளையைக் கணினி எந்தெந்த அடைவில் தேடும் என்ற பட்டியல்தான் தேடுபாதை. சாதாரணப் பயனரின் தேடுபாதையில் அந்த அடைவு உண்டு, ரூட்டின் பாதையில் கிடையாது. நீங்கள் நிறுவிய கையோடு ரூட்டாகவே ஆட முயன்றிருக்கிறீர்கள். ‘எக்ஸிட்’ கொடுத்து வெளியே வந்து, உங்கள் சொந்தக் கணக்கில் ‘அட்வெஞ்சர்’ என்று தட்டுங்கள். ஓடும். கைட் கணினிகள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றில், நிர்வாகி அதிகாரம் தரும் ‘சுடோ’வை முன்னால் சேர்த்து அதே நிறுவல் கட்டளையைக் கொடுத்தால் போதும்.

இன்னொன்று. தொடங்கியதும் குறிப்புகள் வேண்டுமா என்று கேட்கும். பிள்ளைகளை ‘எஸ்’ என்றே சொல்லச் சொல்லுங்கள். ‘நோ’ என்றால் விளக்கின் பாட்டரி 330 நகர்வுக்குத்தான் வரும், ‘எஸ்’ என்றால் 1000 நகர்வு. மதிப்பெண்ணில் 5 குறையும், அவ்வளவுதான். விளக்கு அணைந்த பிறகு இருட்டில் நடந்தால் குழியில் விழுந்து ஆட்டம் முடிந்துவிடும். முதல் நாளே அப்படி விழுந்த பிள்ளை மறுநாள் வராது.

பாதியில் நிறுத்த வேண்டுமானால் ‘சஸ்பெண்ட்’. கோப்புக்கு ஒரு பெயர் கேட்கும். பிறகு ‘அட்வெஞ்சர்’ என்று எழுதி, இடைவெளி விட்டு அந்தப் பெயரைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை:

ஓடுகிறது தம்பி, மிக்க நன்றி. தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று சேர்த்துவிட்டேன்.

இன்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதலில் உட்கார்ந்தாள். சாலை முடியும் இடம், செங்கல் கட்டடம், சுற்றிலும் காடு. உள்ளே போய்ச் சாவி, விளக்கு, சாப்பாடு, தண்ணீர்க் குப்பி நான்கையும் எடுத்துக்கொண்டாள். ஓடையோடு தெற்கே நடந்தாள். நீரெல்லாம் பாறை இடுக்குக்குள் இறங்கி மறைகிற இடம் வந்தது, அதைத் தாண்டி இரும்புக் கம்பிக்கதவு. பூட்டைத் திறந்து இறங்கினாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இன்னொருத்தி வழியை வரைந்துகொண்டே வந்தாள்.

பறவை இருந்த அறையில்தான் அரை மணி நேரம் போயிற்று. கூண்டு கையில் இருக்கிறது, பறவை மட்டும் பிடிபடவில்லை. எடு, பிடி, தூக்கு என்று அகராதியைப் புரட்டிப் புரட்டி எல்லாச் சொல்லும் போட்டுப் பார்த்தாள். பின்னால் நின்றிருந்த அவள் தம்பி, ஆறாம் வகுப்பு, “அக்கா, கையில் கம்பை வைத்துக்கொண்டு போனால் கோழிகூடக் கிட்டே வராது” என்றான். வழியில் எடுத்த கருப்புக் கோல் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதைக் கீழே போட்டாள். பறவை கூண்டுக்குள் வந்துவிட்டது. அந்த அறையில் எழுந்த கூச்சலைக் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

ஒரே சங்கடம் ஆங்கிலம். மூன்று பேர் நன்றாகப் படித்தார்கள். நான்கு பேர் வேடிக்கை பார்த்துவிட்டு ஐந்து மணிக்குப் பந்து விளையாடப் போய்விட்டார்கள். அந்தத் தம்பியும் அவர்களில் ஒருவன். பறவையின் பயத்தைப் புரிந்துகொண்டவனுக்கு விசைப்பலகையில் உட்கார வழியில்லை.

வேலந்தாவளம் டீச்சர்:

படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். எங்கள் எல்லைப் பகுதிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், பாடத்தில் தமிழ், அரசு விண்ணப்பத்தில் மலையாளம் என்று வாழ்கிறவர்கள். ஆங்கிலம் மூன்றாவதாகத்தான் வந்து சேர்கிறது. ஆங்கில வாக்கியத்தைத் தாங்களாகவே விரும்பிப் படிக்கிற வாய்ப்பு அவர்களுக்கு மிகக் குறைவு. அகராதியைப் புரட்டினாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். வகுப்பில் நான் எவ்வளவு சொல்லியும் புரட்டாதவர்கள். அதனால் ஆங்கிலத்தையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.

கணினியைப் பற்றிக் கவலை வேண்டாம். கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்விக்காக 2001இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் வந்தது, 2017இல் அது கைட் ஆனது. எங்கள் பிள்ளைகள் பாடத்தையே கட்டற்ற மென்பொருளில்தான் படிக்கிறார்கள். லினக்ஸைப் பார்த்து மிரள மாட்டார்கள்.

சித்தூர் புழையோரம்:

டீச்சர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். தொலைத்தொடர்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான், இந்த விளையாட்டின் வரலாறு எனக்குப் பிடித்த விஷயம். அதைச் சொல்லிவிட்டு மறுபாதிக்கு வருகிறேன்.

இதை முதலில் எழுதியவர் வில் கிரவுதர். ஆர்ப்பாநெட் என்ற, இணையத்துக்கு முன்னோடியான வலையமைப்பைக் கட்டிய பிபிஎன் நிறுவனத்தில் நிரலர். குகைகளுக்குள் இறங்குவது அவருக்கும் அவருடைய மனைவி பாட்ரீசியாவுக்கும் உயிர். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகையும் ஃபிளின்ட் ரிட்ஜ் குகைகளும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று 1972இல் கண்டுபிடித்த குழுவில் பாட்ரீசியா இருந்தார். பிறகு கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். தம் இரு மகள்களும் ஆட வேண்டும் என்று, தாம் நடந்து அளந்த குகையையே 1975–76 காலத்தில் ஃபோர்ட்ரான் நிரலாக எழுதினார் கிரவுதர். ஸ்டான்ஃபோர்டில் டான் வுட்ஸ் அதைக் கண்டெடுத்து, ஆசிரியரைத் தேடி, வலையமைப்பில் இருந்த கணினிகளுக்கெல்லாம் ‘கிரவுதர்’ என்ற பெயரில் அஞ்சல் அனுப்பினார். அனுமதி கிடைத்தது. 1977இல் விரித்து எழுதினார். அதே ஆண்டு ஜிம் கில்லாக்லி அதை யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக சி மொழிக்குக் கொண்டுவந்தார். உங்கள் வாசகசாலையில் ஓடுவது அந்த வழியில் வந்ததுதான்.

மறுபாதி இதுதான் டீச்சர். ஒரு தகப்பன் தன் மகள்களுக்காக, அவர்கள் பேசும் மொழியில் எழுதிய விளையாட்டு இது. அந்த ஆறாம் வகுப்புப் பையனுக்கும் அவன் மொழியில் ஒரு குகை வேண்டும்.

மறையூர்ச் சந்தனம்:

ஐயா சொன்னதைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் மறையூர்க்காரன், இப்போது கொச்சியில் நிரலராக இருக்கிறேன். எங்கள் ஊரில் பழங்காலக் கற்பலகைக் கல்லறைகளான முனியறைகளுக்குள் சிறுவயதில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஓடிவந்தவன், குகை என்றாலே கை பரபரக்கும்.

பிஎஸ்டிகேம்ஸ் பதிப்பைத் தமிழாக்கப் போராட வேண்டாம். கிரவுதர், வுட்ஸ் இருவரின் சம்மதத்தோடு எரிக் ரேமண்ட் என்ற நிரலர் 2017இல் ‘ஓப்பன் அட்வெஞ்சர்’ என்று ஒன்றை வெளியிட்டார். வுட்ஸ் 1995இல் பெரிதாக்கிய 430 மதிப்பெண் பதிப்பு அது. உரிமம் பிஎஸ்டி. அசல் பதிப்புரிமை அறிவிப்பை அப்படியே வைத்துவிட்டு நாம் மாற்றலாம், பகிரலாம். முக்கியமான சங்கதி: அறை விவரிப்பு, பொருள்களின் பெயர், விளையாட்டு ஏற்கும் சொற்கள் எல்லாம் ‘அட்வெஞ்சர்’ என்ற ஒரே யாமல் கோப்பில், அதாவது சாதாரணமாகத் திறந்து திருத்தக்கூடிய எழுத்துக் கோப்பில், இருக்கின்றன. நிரலைத் தொடாமல் அந்தக் கோப்பை மட்டும் தமிழில் எழுதலாம்.

கட்டுவது இப்படி. முதலில் ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்று கொடுத்து கிட், பில்ட்-எசென்ஷியல், பிகேஜி-கான்ஃபிக், லிப்எடிட்-டெவ், பைத்தான்3-யாமல் ஐந்தையும் நிறுவுங்கள். பிறகு, நிரல்களை வைத்துப் பகிரும் கிட்லாப் தளத்தில் ஈஎஸ்ஆர் என்ற கணக்கில் இருக்கும் ஓப்பன்-அட்வெஞ்சர் களஞ்சியத்தை ‘கிட் குளோன்’ கொடுத்துப் படியெடுங்கள். உருவான அடைவுக்குள் ‘சிடி’ கொடுத்துப் போய் ‘மேக்’ என்று தட்டினால், ஒரு பைத்தான் நிரல் அந்த யாமல் கோப்பைப் படித்து சி நிரலாக்கும், அதன் பிறகு ‘அட்வென்ட்’ உருவாகும். அதே அடைவில் இருந்தபடி புள்ளி, சாய்கோடு, அட்வென்ட் என்று சேர்த்துத் தட்டுங்கள். புள்ளியை விட்டால் மறுபடியும் ‘கட்டளை இல்லை’ என்றுதான் வரும். முதல் நாள் பார்த்த அதே தேடுபாதைக் கதை, நாம் நிற்கிற அடைவும் பாதையில் கிடையாது.

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை:

லிப்எடிட்-டெவ் இல்லாமல் முதலில் ‘மேக்’ பாதியில் நின்றது. நான் ‘டெவ்’ என்ற வாலை விட்டுவிட்டு நிறுவியிருந்தேன். சேர்த்ததும் சரியாயிற்று.

முதல் அறையை நானே தமிழில் எழுதிச் சேர்த்து, மறுபடியும் ‘மேக்’ கொடுத்து ஓட்டினேன். திரையில் தமிழ் வந்தது. ஆனால் கொம்பும் காலும் பிரிந்து பிரிந்து நிற்கின்றன. கொடி என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம்.

பொள்ளாச்சி ரயிலடி:

அது விளையாட்டின் குறை இல்லை அண்ணா, முனையத்தின், அதாவது கட்டளை தட்டுகிற சாளரத்தின், குறை. எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று நினைத்துக் கட்டம் போட்டு வரைகிற முனையங்களில் தமிழ் இப்படித்தான் சிதறும். கான்சோல் என்ற முனையத்தைப் போட்டுப் பாருங்கள். அதிலும் திருப்தி இல்லையென்றால் எம்எல்டெர்ம், பல மொழிகளுக்காகவே செய்தது. நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றும் வேண்டும். யாமல் கோப்பை, எல்லா மொழி எழுத்துகளும் அடங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்திலேயே சேமியுங்கள். அதைப் படிக்கும் பைத்தான் நிரலில் கோப்பைத் திறக்கும் வரியையும் ஒருமுறை பாருங்கள். அங்கே வேறு குறியாக்கம் எழுதியிருந்தால் யுடிஎஃப்-8 என்று மாற்றிவிடுங்கள்.

மறையூர்ச் சந்தனம்:

இரண்டு இரவு இதிலேயே போயிற்று. நல்ல செய்தி ஒன்று, சிக்கல் ஒன்று.

நல்ல செய்தி: ஆங்கிலத்தில் ‘எடு விளக்கு’ என்கிற வரிசை, நமக்கு ‘விளக்கை எடு’. நிரலைத் திருத்த வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். திறந்து பார்த்தால், முதல் சொல் பொருளாகவும் இரண்டாவது வினையாகவும் வந்தால் இடம் மாற்றிக்கொள்கிற வரிகள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. தமிழின் வரிசையை அப்படியே ஏற்கிறது.

சிக்கல்: சோதனைக்காகப் பத்துப் பன்னிரண்டு கட்டளைகளைத் தமிழில் ஒரு கோப்பில் எழுதி, ‘அட்வென்ட்’டுக்குப் பின் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டினேன். ‘விளக்கை எடு’ வேலை செய்தது. ‘பறவையை விடு’ என்ற வரி வந்ததும் தடுமாறியது. ஏன் என்று பைட் பைட்டாகப் பார்த்தேன். விளையாட்டு ஒரு சொல்லில் முதல் ஐந்து பைட்டை மட்டுமே ஒப்பிடுகிறது. ஆங்கிலத்தில் ஐந்து பைட் என்றால் ஐந்து எழுத்து, போதும். யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் (எழுத்தோ, அதோடு சேரும் காலோ கொம்போ) மூன்று பைட். அதாவது ஐந்து பைட்டுக்குள் முதல் குறியும், அடுத்த குறியின் மூன்றில் இரண்டு பங்கும்தான் அடங்கும். அந்த இரண்டு பங்கு பெரும்பாலான தமிழ்க் குறிகளுக்கு ஒன்றேதான்.

விளைவைப் பாருங்கள். விளக்கும் விடுவும் அதற்கு ஒரே சொல். எடு, எறி ஒரே சொல். பறவையும் பாம்பும் ஒரே சொல்! இந்த விளையாட்டில் பாம்பை விரட்டுவதே அந்தப் பறவைதான்.

சித்தூர் புழையோரம்:

தம்பி, அந்த ஐந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? கிரவுதர் எழுதிய பிடிபி-10 கணினியில் ஒரு நினைவகச் சொல்லுக்கு 36 பிட். ஓர் எழுத்துக்கு 7 பிட் வீதம் ஐந்து எழுத்து போட்டால் 35 பிட், ஒன்று மிச்சம். ஆகவே ஐந்து எழுத்தை ஒரே அடியில் ஒப்பிட்டுவிடலாம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஓர் இயந்திரத்தின் அளவு, இன்று நம் பறவையையும் பாம்பையும் ஒன்றாக்குகிறது. எனக்கு இது மிகவும் வியப்பாக இருக்கிறது.

மறையூர்ச் சந்தனம்:

நன்றி ஐயா, அதை அறிந்த பிறகு அந்த எண்ணை மாற்றவே கொஞ்சம் மனம் வரவில்லை. ஆனாலும் மாற்றிவிட்டேன். தலைப்புக் கோப்பில் ‘டோக்லென்’ என்ற பெயரில் 5 என்று இருக்கிறது, 60 ஆக்கினேன். தமிழில் இருபது குறிக்கு வரும். பறவையும் பாம்பும் பிரிந்துவிட்டன.

இதற்கு ஒரு விலை உண்டு. இனி முழுச் சொல்லும் பொருந்த வேண்டும், சுருக்கித் தட்டுகிற வசதி போய்விடும். அதைவிடப் பெரியது வேற்றுமையும் ஒற்றும். ‘விளக்கு’ என்று மட்டும் பட்டியலில் இருந்தால் ‘விளக்கை எடு’ பொருந்தாது. விளக்கு, விளக்கை இரண்டும் வேண்டும். ‘விளக்கைக் கொளுத்து’ என்று ஒற்றோடு எழுதுகிற பிள்ளைக்கு மூன்றாவது வடிவமும் வேண்டும். ஒரு பொருளுக்கு எத்தனை சொல் வேண்டுமானாலும் யாமல் கோப்பில் அடுக்கலாம். ஆனால் கையால் அடுக்க வேண்டும். டீச்சர், இங்கே உங்கள் உதவி வேண்டும்.

வேலந்தாவளம் டீச்சர்:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தையே வைக்கச் சொன்னேன். ஆங்கிலப் பதிப்பும் இருக்கட்டும், இப்போதும் அதில் மாற்றமில்லை. ஆனால் பிள்ளைகள் ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதினால் கதவு திறக்கும் என்று ஒரு விளையாட்டு வரப்போகிறதென்றால், தமிழாசிரியை நான் எப்படி விலகி நிற்பேன்?

ஒற்றில்லாத வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள் தம்பி. ‘கூண்டை திற’ என்று எழுதிய குழந்தையைக் குகை வாசலில் நிறுத்திவிடக் கூடாது. இலக்கணத்தை நான் வகுப்பில் பார்த்துக்கொள்கிறேன்.

பட்டியலைப் பார்த்தேன், சில சொற்கள் எனக்கு ஒட்டவில்லை. ஓடை இறங்கும் இடத்துக்கு ‘நீரிடுக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் மழைநீர் ஓடும் தாழ்வான வழியைப் பள்ளம் என்றே சொல்வார்கள், பிள்ளைகளுக்கு உடனே கண்ணில் தெரியும். செங்கல் கட்டடம் ஊற்றின் மேல் கட்டிய நீர்நிலையம். அதற்கு ‘மோட்டார் அறை’ என்று வாசகசாலை எழுதியது அழகுதான், ஆனால் கதையில் மோட்டார் இல்லையே. ‘ஊற்றுக் கட்டடம்’ போதும். கம்பிக்கதவுக்கு ‘அழிக்கதவு’ வையுங்கள். எங்கள் வீடுகளில் சன்னலுக்கு அழிதான். விளக்கு பித்தளை லாந்தர், பாட்டரியில் எரிவது. ‘லாந்தர்’, ‘விளக்கு’ இரண்டையும் ஏற்கட்டும்.

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை:

டீச்சர் சொன்னபடியே மாற்றிவிட்டேன், மோட்டார் அறையை விட்டுக்கொடுக்கிறேன். மந்திரச் சொல் ஒன்று இருக்கிறதே, எக்ஸ், ஒய், இசட், இசட், ஒய். அதைத் தமிழாக்கலாமா?

சித்தூர் புழையோரம்:

வேண்டாம். மந்திரத்துக்குப் பொருள் கிடையாது, அதை மொழிபெயர்க்கவும் கூடாது. சுவரில் எழுதியிருப்பது அப்படியே இருக்கட்டும்.

மறையூர்ச் சந்தனம்:

ஐயா சொன்னதே சரி.

வாசகசாலை அண்ணா, பிள்ளைகள் ஆடும்போது ‘அட்வென்ட்’டுக்குப் பின் கழித்தல் குறியும் எல் என்ற எழுத்தும் போட்டு, ஒரு கோப்பின் பெயரைக் கொடுங்கள். அவர்கள் தட்டும் ஒவ்வொரு கட்டளையும் அதில் பதிவாகும். முதல் வரியில் ஒரு எண்ணும் சேரும். அந்த எண்ணால்தான், அதே கோப்பை நான் இங்கே ஓட்டினால் குள்ளன்கூட அதே இடத்தில் வந்து கோடரி எறிவான். எந்தச் சொல்லில் பிள்ளைகள் தடுக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதைப் பட்டியலில் சேர்ப்பேன். ஆட்டத்தை நடுவில் சேமித்தால் இந்தப் பதிப்பு 5 மதிப்பெண் எடுத்துக்கொள்ளும், முன்பே சொல்லிவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை:

முதல் பதிவை அனுப்பியிருக்கிறேன். ஆடியது அந்த ஆறாம் வகுப்புப் பையன், பந்து விளையாடப் போகவில்லை. முப்பது அறைவரை தமிழ், மற்றவை இன்னும் ஆங்கிலம். ஆங்கில அறை வந்தபோது அக்காவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னான்.

மறையூர்ச் சந்தனம்:

ஓட்டிப் பார்த்தேன் அண்ணா. 23ஆம் வரியில் ‘பறவையைப் பிடி’. ‘பறவையைப்’ என்ற வடிவம் பட்டியலில் விட்டுப்போயிருந்தது, அதனால் புரியவில்லை என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த வரியில் ஒற்றை எடுத்துவிட்டு எழுதியிருக்கிறான், பிடித்துவிட்டான். அந்த வடிவத்தை இப்போது சேர்த்துவிட்டேன். கோலை முதலிலேயே கீழே வைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போயிருக்கிறான்.

41ஆம் வரியில் பாம்பின் முன் நிற்கிறான். ‘பாம்பை அடி’ என்று இரண்டு முறை. பிறகு ‘பறவையை விடு’.

மீதி அறைகளில் இப்போதைக்கு ஆளுக்குப் பத்தாகப் பிரித்திருக்கிறேன். டீச்சருக்குப் பளிங்குப் பாலத்திலிருந்து, ஐயாவுக்குப் பூதம் நிற்கும் பாலத்திலிருந்து. ஒன்றுபோலவே வளைந்து வளைந்து போகும் வழிகளை நான் எடுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் அனுப்பிவிட்டால் திங்களன்று சேர்த்துக் கட்டிவிடுவேன்.